கடைசி வரி வரை

ஜனவரி 12

அன்புத் தம்பிக்கு,

அக்கா எழுதுவது. நானும் அத்தானும் சுகம். நீ, உன் மனைவி, மகள் மூவரும் சுகமாக இருப்பீர்கள் என்ற நினைப்போடு எழுதுகிறேன். அத்தானுக்கு முழங்கால் வலி. கடைக்குப் போய்வரச் சொன்னால் வருகிறது. பழைய கடிகாரங்களைப் பிரித்துப்போட மாடி ஏறும்போது வருவதில்லை.

ஒரு விஷயம் கேட்க வேண்டும். நம் சபையின் மாதப் பத்திரிகை வந்தது. பெரியவர் இரண்டு மாதம் தனிமையில் இருந்துவிட்டுத் திரும்பினாராம்; இப்போது கண்ணாடி இல்லாமலே மறைநூலை வாசிக்கிறாராம். போன வருடம் அவர் இங்கே வந்தபோது எதிரே நின்ற என்னைக் குரலை வைத்துத்தான் கண்டுபிடித்தார். அவருக்கு வழக்கமாகக் கண்ணாடி போட்டுக் கொடுப்பவன் நீ. உன்னிடம் வந்தாரா?

எனக்கு மட்டுமல்ல, பக்கத்து வீட்டுப் பூகோளத்துக்கும் தெரிய வேண்டுமாம். நினைவிருக்கிறதா? என்னோடு வேலை பார்த்த பூகோள டீச்சர். பள்ளியில் ஜன்னலோர நாற்காலிக்கு என்னோடு இருபது வருடம் சண்டை போட்டவள். ஓய்வு பெற்றதும் சண்டையைத் தொடர வசதியாகப் பக்கத்து வீட்டுக்கே குடிவந்துவிட்டாள். அவளுக்குக் கண்ணில் அழுத்தம் கூடியிருக்கிறது என்று டாக்டர் தினமும் சொட்டு மருந்து விடச் சொல்லியிருக்கிறார். அதனால் யாருடைய கண் சரியானாலும் அவளுக்குச் செய்திதான்.

பதில் போடு. வெந்நீரே குடி.

உன் அக்கா

*

ஜனவரி 30

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பியின் வணக்கம். இங்கே எல்லோரும் நலம். இவளுக்கு இருமல் நின்றுவிட்டது. மகள் சபையின் பள்ளியில் பாடம் நடத்த ஆரம்பித்த பிறகு வீட்டிலும் எங்களை உட்கார், எழுந்திரு என்கிறாள். யாரைப் போல என்று சொல்ல வேண்டியதில்லை.

ஒருவர் கண்ணைப் பற்றி இன்னொருவரிடம் பேசுவது எங்கள் தொழிலில் தவறு. உங்களிடம் மட்டும் எழுதுகிறேன்.

பெரியவர் வந்தார். சபைச் செயலாளர்தான் அழைத்துவந்தார். கடையில் நாலைந்து பேர் இருந்தார்கள், பிறகு வாருங்கள் என்று அவர்களை அனுப்பப் பார்த்தேன். "இருக்கட்டும், இருக்கட்டும்" என்றார் செயலாளர். எழுத்துப் பலகையைப் பெரியவர் கடைசி வரி வரை வாசித்தார். பிறகு உள்ளறையில் கண்ணுக்குள் விளக்கடித்துப் பார்த்தேன். இரண்டு கண்ணிலும் உள்ளே ஒரு சின்ன மினுக்கம். நம் கண்ணில் அது வராது. புரையை எடுத்துவிட்டு உள்ளே லென்ஸ் வைத்தால்தான் வரும். ஒரு கண்ணைத் தூரத்துக்கும் மற்றதைக் கிட்டத்துக்கும் வைத்திருக்கிறார்கள். எந்த ஊர் டாக்டரோ, அருமையான வேலை.

பெரியவர் "நல்லா இருக்குல்ல?" என்று மட்டும் கேட்டார். மறுநாள் செயலாளர் தனியாக வந்தார்.

"பார்த்தீங்கல்ல?"

"பார்த்தேன், ஐயா. ஆபரேஷன் ரொம்ப நல்லா பண்ணியிருக்காங்க."

"பண்ணின கை யாரோடதா இருந்தா என்ன? பண்ண வச்சது யாரு?"

"அப்ப ரெண்டையும் சேர்த்தே சொல்லிடலாமே, ஐயா."

அவர் சிரித்தார். "எல்லாத்தையும் சொன்னா ஜனங்க குழம்பிடுவாங்க. ஆண்டுக் கூட்டத்துல நீங்க சாட்சி சொல்லணும். மருந்தும் இல்லை, கத்தியும் இல்லை, தானா தெளிஞ்சதுன்னு. கண்ணு வேலை தெரிஞ்சவர் நீங்க, நீங்க சொன்னா எடுபடும்."

நான் ஒரு லென்ஸைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

"கட்டாயம்லாம் இல்லை" என்றார். "உங்க பொண்ணு நம்ம ஸ்கூல்ல நல்லா நடத்துறாளாம். இன்னும் நிரந்தரம் ஆகலை, இல்ல?"

அதற்கு மேல் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. வாசலில் நின்று வெயில் அதிகம் என்று சொல்லிவிட்டுப் போனார்.

அக்கா, சபையில் சாட்சி சொன்னால் அதன் கனம் உங்களுக்குத் தெரியும். 'நான் கண்டதைச் சொல்கிறேன்' என்று தொடங்கி ஒருவர் சொல்லிவிட்டால் யாரும் எழுந்து ஒரு கேள்வி கேட்கக் கூடாது. அங்கே நின்று நான் பொய் சொல்லவா? என்ன செய்யட்டும்?

உங்கள் தம்பி

*

பிப்ரவரி 11

அன்புத் தம்பிக்கு,

சுகம், சுகம் அறிய ஆவல். உன் கடிதத்தைப் படித்துவிட்டு இரண்டு நாள் யோசித்தேன்.

பெரியவர் கெட்டவர் அல்ல. சுற்றியிருப்பவர்களுக்கு அவரைவிட அவசரம் அதிகம். நீ பொய் சொல்லக் கூடாது. மகளின் வேலையும் போகக் கூடாது. இந்த இரண்டுக்கும் நடுவில் வழி இருக்கிறதா என்று பார்த்தேன், இருக்கிறது.

வகுப்பில் நான் சொல்வேன்: கேட்ட கேள்விக்கு மட்டும் விடை எழுதுங்கள் என்று. மூன்று படியில் முடிகிற கணக்கை ஒருத்தி சரியாகப் போட்டுவிடுவாள். அதோடு பேனாவைக் கீழே வைக்காமல் தனக்குத் தெரிந்த மற்றதையும் கீழே எழுதி, அதிலே மாட்டிக்கொள்வாள். விடையை எழுதியதும் உட்கார்ந்துவிட வேண்டும்.

நீயும் அப்படியே செய். 'நான் கண்டதைச் சொல்கிறேன். பெரியவரின் கண்ணைச் சோதித்தேன். கண்ணாடி இல்லாமல் கடைசி வரி வரை வாசிக்கிறார்.' அவ்வளவுதான். மருந்து, கத்தி என்ற பேச்சே வேண்டாம். ஒரு எழுத்துக்கூடப் பொய் இல்லை, பார். அவர்களுக்கும் வேண்டியது கிடைத்துவிடும்.

பூகோளத்திடம் ஆபரேஷன் விஷயத்தைச் சொல்லவில்லை. உன் தொழில் ரகசியம் என் ரகசியமும்தான். அத்தான் நலம் விசாரித்தார். அதாவது, விசாரித்ததாக எழுதட்டுமா என்று நான் கேட்டேன், தலையாட்டினார்.

உன் அக்கா

*

மார்ச் 5

அன்புள்ள அக்காவுக்கு,

வணக்கம். எல்லோரும் சுகம்.

நீங்கள் சொன்னபடியே சொன்னேன். மண்டபம் நிறைந்து வெளியிலும் ஆட்கள் நின்றார்கள். மூன்று வாக்கியம் சொல்லிவிட்டு உட்கார்ந்தேன். கத்தி இல்லை என்று சொல்லாததற்குச் செயலாளர் முறைப்பார் என்று நினைத்தேன். அவர் என் முதுகில் தட்டிக் கொடுத்தார். பிறகு மைக்கை வாங்கி, "கேட்டீங்களா? கண் வேலை தெரிஞ்சவரே சொல்றார்" என்றார். அதுவும் பொய் இல்லை. கூட்டத்திலிருந்து ஒரு சத்தம் எழுந்தது. பக்கத்தில் இருந்த அம்மாள் என் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

மகளுக்கு வேலை நிரந்தரமாகிவிட்டது. "நாத்தனார் மூளையே மூளை" என்கிறாள் இவள். எனக்கு மட்டும் அன்று சாப்பாடு இறங்கவில்லை. வெயிலில் நின்றதுதான் காரணமாக இருக்கும்.

அத்தானைக் கேட்டதாகச் சொல்லுங்கள்.

உங்கள் தம்பி

*

மார்ச் 23

அன்புத் தம்பிக்கு,

மகளுக்கு என் ஆசி. முதல் சம்பளத்தில் நல்ல செருப்பு வாங்கச் சொல். வகுப்பில் நின்றே தேய்கிற தொழில்.

உன் சாட்சியைக் கேசட்டில் பதிவு செய்து எல்லா ஊருக்கும் அனுப்பியிருக்கிறார்கள். போன வாரம் எங்கள் மண்டபத்தில் போட்டார்கள். அப்பாவின் குரல் உனக்கு எப்போது வந்தது? பூகோளம் என்னை முழங்கையால் இடித்து, "உன் தம்பி கணீர்னு சொல்றான்டி" என்றாள். எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். நானும் கொஞ்சம் நிமிர்ந்துதான் உட்கார்ந்தேன்.

சாப்பாடு இறங்காவிட்டால் மோர் குடி.

உன் அக்கா

*

மே 6

அன்புள்ள அக்காவுக்கு,

வணக்கம். உடம்பு எல்லோருக்கும் நன்றாக இருக்கிறது.

மண்டப வாசலில் ஒரு மரப்பெட்டி வைத்திருக்கிறார்கள். நம்பிக்கை உள்ளவர்கள் தங்கள் கண்ணாடியை அதில் போட்டுவிட்டு உள்ளே போகிறார்கள். முக்கால்வாசி நான் செய்து கொடுத்தவை. சட்டத்தைப் பார்த்தாலே யார் மூக்கில் உட்கார்ந்திருந்தது என்று எனக்குத் தெரியும்.

டவுன் பஸ் ஓட்டுகிறவர் ஒருவர் இருக்கிறார். கண்ணாடி இல்லாவிட்டால் எதிரே வருவது லாரியா வீடா என்று அவருக்குச் சந்தேகம் வரும். அவரும் போட்டார். ஓடிப்போய்க் கையைப் பிடித்தேன்.

"வண்டி ஓட்டுறவர் நீங்க, விளையாடாதீங்க!"

"என்ன சார், நீங்களே இப்படிச் சொல்றீங்க? பெரியவரு கடைசி வரி வரைக்கும் படிச்சாரா, இல்லையா?"

"படிச்சாரு."

"நீங்க பார்த்தீங்களா, இல்லையா?"

"பார்த்தேன். ஆனா..."

செயலாளர் பக்கத்தில் வந்து நின்று என் தோளில் கை போட்டார். மகள் பள்ளிப் பிள்ளைகளை வரிசையாக உள்ளே அழைத்துப் போய்க்கொண்டிருந்தாள். டிரைவரின் கையை விட்டுவிட்டேன்.

அங்கேயும் பெட்டி வைத்திருக்கிறார்களா? உங்கள் பூகோள டீச்சர் மருந்தை ஒழுங்காக விடுகிறாரா? அந்த நோயில் வலி இருக்காது, அக்கா. பார்வை ஓரத்திலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகப் போகும். போனது திரும்பாது. உடனே எழுதுங்கள்.

உங்கள் தம்பி

*

ஜூன் 20

அன்புள்ள அக்காவுக்கு,

வணக்கம். பதில் வரவில்லை. அத்தானுக்கு ஏதும் சுகமில்லையா?

பஸ் ஒரு கடையின் முகப்பை இடித்துவிட்டது. யாருக்கும் அடியில்லை. பிரேக் பிடிக்கவில்லை என்று டிரைவர் சொல்லிக்கொண்டிருக்கிறார். ஊர் ஊராக வந்து அதே சாட்சியைச் சொல்லும்படி செயலாளர் கேட்கிறார். முதுகுவலி என்று தள்ளிப்போடுகிறேன். எத்தனை நாள் முதுகு வலிக்கும்?

நான் கேட்டதற்குப் பதில் எழுதுங்கள்.

உங்கள் தம்பி

*

ஜூலை 8

அன்புத் தம்பிக்கு,

அத்தான் சுகம். நானும் சுகம். உன் இரண்டு கடிதமும் கிடைத்தன. எழுத முடியாமல் இருக்கவில்லை, எழுதாமல் இருந்தேன்.

பூகோளம் மார்ச் மாதமே மருந்தை நிறுத்திவிட்டாள். கேசட் கேட்ட மறுநாளே. எனக்கு மே மாதம் உன் கடிதம் வந்த பிறகுதான் உறைத்தது. அதற்கு முன்பே இடப்பக்கம் இருக்கும் டம்ளரைத் தட்டிவிடுவாள். கதவு நிலையில் இடது தோளை இடித்துக்கொள்வாள். வயசாகுதுடி என்று நான் கேலி செய்துகொண்டிருந்தேன். கடிதத்தைப் படித்துவிட்டு நேரே அவள் வீட்டுக்குப் போனேன்.

"சொட்டு விடுறியா இல்லையாடி?"

"எதுக்கு? பெரியவர் விட்டாரா?"

"அவர் விஷயம் வேற."

"என்ன வேற? உன் தம்பி மைக் முன்னாடி நின்னு சொன்னான். நீ பக்கத்துல நிமிர்ந்து உக்காந்து கேட்டே. இப்ப வந்து வேறங்கிறே."

"நான் சொல்றதைக் கேளேன். மருந்தைக் கண்ணுல விடு."

"உன் தம்பி பொய் சொன்னான்னு சொல்லு, விடுறேன்."

நீ பொய் சொல்லவில்லையே. நான் என்ன சொல்வேன்? வீட்டுக்கு வந்துவிட்டேன். அதன் பிறகு பலமுறை கெஞ்சியும் பார்த்தேன், திட்டியும் பார்த்தேன். உண்மையை மட்டும் சொல்லவில்லை. சொன்னால் அந்த மூன்று வாக்கியத்தை உனக்கு எழுதிக் கொடுத்தது யார் என்பதையும் சொல்ல வேண்டியிருக்கும்.

கேட்ட கேள்விக்கு மட்டும் விடை எழுது என்று உனக்குச் சொன்னேன். பரீட்சையில் அது சரி. அங்கே கேள்வித்தாள் இருக்கிறது, திருத்துகிறவருக்கு மிச்சமும் தெரியும். கேள்வியே கேட்கக் கூடாது என்கிற மண்டபத்தில் கேட்டதற்கு மட்டும் பதில் என்றால் என்ன அர்த்தம்? நீயே எழுதியிருந்தாய், யாரும் கேள்வி கேட்கக் கூடாது என்று. அதைப் படித்துவிட்டுத்தான் நான் அந்த யோசனையைச் சொன்னேன். இத்தனை வருடம் கணக்கு நடத்தியவள், கணக்கில் கொடுத்திருப்பதையே கவனிக்கவில்லை.

கரும்பலகையில் ஒரு கணக்கைத் தப்பாகப் போட்டுவிட்டேன் என்று வைத்துக்கொள். மணி அடித்த பிறகு தெரிகிறது. முதல் பெஞ்சில் இருப்பவளைக் கூப்பிட்டு அவள் நோட்டில் மட்டும் திருத்திக் கொடுத்தால் போதுமா? மற்றவர்கள் அதே தப்பை வீட்டுக்கு எடுத்துப் போயிருப்பார்களே. மறுநாள் அதே பலகையில், எல்லோரும் பார்க்க, அழித்துப் போட வேண்டும்.

செய் என்று உன்னிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. வேலை உன் மகளுடையது. யோசித்துக்கொள். பூகோளத்திடம் நான் இன்னும் உண்மையைச் சொல்லவில்லை.

உன் அக்கா

*

ஆகஸ்ட் 19

அன்புள்ள அக்காவுக்கு,

வணக்கம். எல்லோருக்கும் உடம்பு சுகம். மற்றவை கீழே.

முதலில் மகளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். சாப்பிட்டுக்கொண்டே கேட்டாள்.

"ஏம்ப்பா, என் வேலை நிரந்தரமானது இதுக்குத்தானா?"

"இதுக்கும்தான்."

"நான் நல்லா நடத்துறேன்னு நினைச்சேன்."

"நல்லாவும் நடத்துறே."

"ரெண்டையும் அப்பவே சொல்லியிருக்கலாம்" என்று சொல்லிவிட்டுத் தட்டை எடுத்துக்கொண்டு போனாள். அனுமதி கொடுத்தாளா, கோபித்துக்கொண்டாளா என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.

வாரக் கூட்டத்தில் எழுந்து, 'நான் கண்டதைச் சொல்கிறேன்' என்று தொடங்கினேன். அதே சாட்சி என்று நினைத்து மைக்கைக் கொண்டுவந்து கொடுத்தார்கள். பெரியவருக்கு ஆபரேஷன் நடந்திருக்கிறது, இரண்டு கண்ணிலும் லென்ஸ் இருக்கிறது, போன முறை அதைச் சொல்லாமல் விட்டேன், கண்ணாடியையும் மருந்தையும் விட்டவர்கள் திரும்ப எடுத்துக்கொள்ளுங்கள் என்றேன். 'லென்ஸ்' என்ற இடத்திலேயே மைக் நின்றுவிட்டது. மீதியைக் கத்திச் சொன்னேன். முன் வரிசைக்காரர்களுக்குக் கேட்டிருக்கும். பின்னால் இருந்தவர்கள் நான் எதற்கோ வாழ்த்துகிறேன் என்று நினைத்துக் கை தட்டினார்கள்.

பெரியவர் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். நல்ல பார்வை. அவ்வளவு தூரத்திலிருந்து என் சட்டையில் பொத்தானை மாற்றிப் போட்டிருந்ததுகூடத் தெரிந்திருக்கும்.

என்னைச் சபையிலிருந்து நீக்கிவிட்டார்கள். மகளை வர வேண்டாம் என்று பள்ளியில் சொல்லிவிட்டார்கள். இவள் என்னோடு பேசுகிறாள், அவசியமானதை மட்டும். பஸ் டிரைவர் புதுக் கண்ணாடி செய்துகொண்டார். "பழசு பெட்டியில கிடக்கு, எடுத்தா பார்ப்பாங்க சார்" என்றார். அவரைத் தவிரச் சபை ஆட்கள் யாரும் கடைப்பக்கம் வருவதில்லை.

நான் இரண்டாவது சொன்னதற்குக் கேசட் கிடையாது. முதல் கேசட் இன்னும் ஊர் ஊராகப் போய்க்கொண்டிருக்கிறது. உங்கள் மண்டபத்துக்கு என் குரல் எட்டாது, அக்கா. அந்த யோசனை யாருடையது என்று நான் யாரிடமும் சொல்லவில்லை. இவளும் சொல்ல மாட்டாள்.

உங்கள் தம்பி

*

செப்டம்பர் 28

அன்புத் தம்பிக்கு,

அத்தான் சுகம். நானும் நடமாடுகிறேன். மகளுக்கு வேறு பள்ளியில் இடம் பார்க்கச் சொல்லி என் பழைய மாணவிகள் இருவருக்கு எழுதியிருக்கிறேன். கிடைக்கும் என்று சொல்ல மாட்டேன், கேட்டிருக்கிறேன்.

உன் கடிதம் வந்த அன்றே பூகோளத்திடம் போனேன். ஆபரேஷன், செயலாளர், உன் மகளின் வேலை, என் யோசனை எல்லாவற்றையும் சொன்னேன். அவள் ரேடியோவை நிறுத்திவிட்டுக் கேட்டாள்.

"அப்ப உன் தம்பி ரெண்டு தடவை சொன்னதுல எது நிஜம்?"

"ரெண்டும் நிஜம்தான்டி."

"ஏன்டி, பாதியைச் சொல்லலாம்னு அவனுக்கு எவ சொல்லிக் கொடுத்தா? நீயா?"

"நான்தான்."

"மே மாசம் வந்து கெஞ்சினியே, அப்பவே உனக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"கெஞ்சுறதுக்குப் பதிலா சொல்லித் தொலைச்சிருக்கலாம்."

எழுந்து போய்க் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டாள். நான் வெளியே வந்தேன். நடுச்சுவருக்கு அந்தப் பக்கம் அவள் ரேடியோ சத்தம் மட்டும் கேட்கும். மருந்து விடுகிறாளா என்று கேட்க எனக்கு உரிமை இல்லாமல் போயிற்று.

அடுத்த கூட்டத்தில் உன் கேசட்டை மறுபடி போட்டார்கள். முடிந்ததும் எழுந்து நின்று, பெரியவருக்கு ஆபரேஷன் நடந்ததா இல்லையா என்று கேட்டேன். சாட்சியிடம் கேள்வி கேட்கக் கூடாது என்றார்கள். "சாட்சி இங்க இல்லையே, டேப் ரிக்கார்டர்தானே இருக்கு" என்றேன். நடந்தது என்று நானே பதிலும் சொன்னேன். இரண்டு பேர் என்னை வாசல் வரை மரியாதையாகக் கொண்டுபோய் விட்டார்கள். அதில் ஒருவன் என் மாணவன். "மெதுவா டீச்சர், படி இருக்கு" என்றான். அடுத்த வாரம் கேசட் போடவில்லையாம். தீர்ந்ததா, தள்ளிப்போட்டார்களா, தெரியாது.

நேற்று முன்தினம் பூகோளம் வாசலில் வந்து நின்றாள். உள்ளே வரவில்லை.

"நாளைக்குக் கண் டாக்டர்கிட்ட போறேன். நீ கூட வரணும். அவர் என்கிட்ட நல்லதை மட்டும் சொல்லுவார், எனக்குத் தெரியும். நீ தனியா கேளு. கேட்டதை அப்படியே என்கிட்ட சொல்லணும். ஒரு வார்த்தை குறைச்சே, அப்புறம் இந்த வாசலை மிதிக்க மாட்டேன்."

போனோம். டாக்டர் அவளிடம் கவலைப்படாதீர்கள் அம்மா என்றார். அவளை வெளியே உட்கார வைத்துவிட்டு நான் கேட்டேன்.

திரும்பும்போது பஸ்ஸில் சொன்னேன். இடது கண்ணில் பாதிக்கு மேல் போய்விட்டது, அது வராது என்றேன். வலது கண்ணிலும் ஓரம் போக ஆரம்பித்திருக்கிறது. ஆயுள் முழுக்க மருந்து விட்டால் இருப்பதைக் காப்பாற்றப் பார்க்கலாம், அதற்கும் அவர் உறுதி சொல்லவில்லை என்றேன். மார்ச்சில் நிறுத்தாமல் இருந்திருந்தால் இவ்வளவு போயிருக்காது என்று அவர் சொன்னதை மட்டும் விட்டுவிடலாமா என்று ஒரு நிமிடம் தோன்றியது. அதையும் சொன்னேன்.

"அவ்வளவுதானா?" என்றாள்.

"அவ்வளவுதான்."

அவள் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். ஜன்னல் அவளுக்கு இடப்பக்கம். வெளியே பார்க்க முகத்தை முழுவதும் திருப்ப வேண்டியிருந்தது. திருப்பிக்கொண்டாள். வீடு வரும் வரை அப்படியே இருந்தாள்.

உன் அக்கா